தோலில் வெள்ளைத் திட்டு: எல்லாம் ஒன்றுதானா? சிகிச்சை உண்டா?

காலையில் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை போட்டுவிடும்போது கண்ணில் படுகிறது. கண் ஓரத்தில், கடுகளவில், வெள்ளையாக ஒரு புள்ளி. "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்று விட்டுவிடுகிறீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது பத்துக் காசு அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குழப்பம். பாட்டி ஒரு பெயர் சொல்கிறார், அத்தை வேறொரு பெயர் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஓர் எண்ணெய்ப் போத்தலின் படத்தை அனுப்புகிறார். இணையத்தில் தேடினால், "30 நாளில் குணம்" என்று ஒரு களிம்பு விலைக்கு வருகிறது. இப்படியே சில மாதங்கள் ஓடிவிடுகின்றன.

அந்தச் சில மாதங்கள்தான் முக்கியமானவை. தோல் வெளுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை இன்னொன்றுக்குக் கெடுதலாகக்கூட முடியலாம். எனவே "எதைப் பூசுவது?" என்று கேட்பதற்கு முன், "இது எந்த வகை?" என்று கேட்க வேண்டும்.

தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிப்பவை மெலனோசைட் எனப்படும் நிறமி அணுக்கள். கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் தயாரிக்கின்றன, எந்த வகையைத் தயாரிக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

ஒரு சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

- சமையல்காரர் இருக்கிறார், ஆனால் அடுப்பு எரியவில்லை.
- சமையல்காரர் அந்தச் சமையற்கட்டுக்கு வந்து சேரவே இல்லை.
- சமையல்காரர் நன்றாகச் சமைத்துக்கொண்டிருந்தார், யாரோ விரட்டிவிட்டார்கள்.

முதல் இரண்டும் பிறவியிலேயே வருபவை. மூன்றாவது பிறகு வருவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் வெள்ளைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

பிறவியிலேயே உடல் முழுதும் வெளுத்திருந்தால்...

முதல் வகைக்குப் பெயர் அல்பினிசம். நிறமி அணுக்கள் இருக்கின்றன. ஆனால் மெலனின் தயாரிக்கத் தேவையான மரபணுவில் கோளாறு. அதனால் தோல், முடி, கண் மூன்றிலும் நிறம் குறைகிறது. உலக அளவில் சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இது இன்னும் அதிகம்.

தாய், தந்தை இருவரிடமும் அந்த மரபணுக் கோளாறு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வெளிப்பட 25 விழுக்காட்டு வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவரும் சாதாரண நிறத்தில்தான் இருப்பார்கள். "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதில் அர்த்தம் இல்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும்போது, ஒரே கோளாறு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். அது நம் சமூகம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி.

அல்பினிசத்தில் தோலைவிடக் கண்தான் பெரிய கவலை. விழித்திரை முழுமையாக வளர்வதற்கும் மெலனின் தேவை. அதனால் பார்வைக் குறைவு, கண்கூச்சம், கண்மணி தானாக அசைந்துகொண்டே இருப்பது ஆகியவை வரலாம். குழந்தையைத் தோல் மருத்துவரிடம் மட்டும் காட்டினால் போதாது. கண் மருத்துவரிடமும் சீக்கிரமே காட்ட வேண்டும்.

நிறத்தை வரவழைக்கும் சிகிச்சை இப்போதைக்கு இல்லை. ஆனால் பாதுகாப்பு உண்டு, அது உயிர் காக்கும். மெலனின் இல்லாத தோல் வெயிலில் விரைவில் வெந்துபோகும். தோல் புற்றுநோய் அபாயமும் அதிகம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. எனவே:

- முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவை அன்றாடத் தேவை.
- எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத வெயில்தடுப்புக் களிம்பைப் பூச வேண்டும். வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும்.
- உடற்கல்வி வகுப்பு வெயில் குறைந்த நேரத்தில் அல்லது கூரைக்குக் கீழே நடந்தால் நல்லது. பள்ளியிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.
- வகுப்பறையில் முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் போன்ற சின்ன ஏற்பாடுகள் படிப்பில் பெரிய மாற்றத்தைக் கொடுக்கும்.
- தோலில் ஆறாத புண்ணோ புதிய கட்டியோ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

பிறந்தபோதே ஒரு சில இடத்தில் மட்டும் வெள்ளை என்றால்...

இரண்டாவது வகை பீபால்டிசம். குழந்தை கருவில் வளரும்போது, நிறமி அணுக்கள் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுதும் பரவ வேண்டும். சிலருக்கு அவை நெற்றி, வயிறு, கை கால்களின் நடுப்பகுதி ஆகிய இடங்களுக்கு வந்து சேர்வதில்லை. அதனால் அங்கே பிறவியிலேயே வெள்ளைத் திட்டு இருக்கும். முன்நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடியும் இருக்கலாம்.

இது பரவாது. பிள்ளை வளர வளரத் திட்டும் அதே விகிதத்தில் வளரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நிறமி அணுக்களே இல்லை என்பதால் களிம்பு பூசிப் பலன் இல்லை. நிறம் வேண்டும் என்றால், வேறிடத்திலிருந்து அணுக்களை எடுத்து வைக்கும் அறுவைச் சிகிச்சை ஒரு வழி. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் உடலுக்குக் கேடில்லை. அந்த இடங்களை வெயிலிலிருந்து காத்தால் போதும்.

பிறகு வந்த வெள்ளை: எல்லாம் வெண்புள்ளி அல்ல

பிறந்தபோது இல்லாமல் பிறகு வந்த வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் பலர் பயப்படுவது வெண்புள்ளி நோயை நினைத்துத்தான். மருத்துவத்தில் அதன் பெயர் விட்டிலைகோ. ஆனால் அதற்கு முன் மற்றவற்றை ஒதுக்க வேண்டும்.

தேமல்: வியர்வை அதிகம் உள்ள ஊரில் மிகச் சாதாரணம். மார்பு, முதுகு, கழுத்தில் லேசாகச் செதில் உதிரும் திட்டுகள். பூஞ்சையால் வருவது. பூஞ்சைக்கான களிம்போ ஷாம்புவோ போதும். பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான திட்டு: வறண்ட தோல், எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு அதிகம். முழு வெள்ளையாக இருக்காது, ஓரமும் தெளிவாகத் தெரியாது. தோலை ஈரப்பதமாக வைத்துக்கொண்டால் காலப்போக்கில் மறையும்.

தொழுநோய்: இப்போது மிக அரிது. அதில் திட்டு உள்ள இடம் மரத்துப்போயிருக்கும், தொட்டால் உணர்ச்சி தெரியாது. வெண்புள்ளியில் உணர்ச்சி முழுமையாக இருக்கும். தொழுநோயையும் மருந்தால் குணப்படுத்தலாம்.

ரசாயனத்தால் வருவது: இதை நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். ஒட்டும் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் நெற்றி வெளுக்கிறதா? சில பொட்டுகளின் பசையில் உள்ள பியூட்டைல்ஃபீனால் என்ற ரசாயனம் நிறமி அணுக்களைக் கொல்லக்கூடியது. சில ரப்பர் செருப்புகளின் வார் படும் இடத்திலும், தலைச்சாயம் படும் இடத்திலும் இப்படி வரலாம். உடனே அந்தப் பொருளை நிறுத்துங்கள். பொட்டு வைக்காமல் இருக்க மனம் வரவில்லை என்றால் ஒட்டும் பொட்டை விட்டுக் குங்குமத்துக்கு மாறலாம், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

தோலைச் சிவப்பாக்கும் களிம்புகளிலும் இந்த ஆபத்து உண்டு. 2013இல் ஜப்பானில், ரோடோடெனால் என்ற பொருள் சேர்த்த அழகுக் களிம்புகள் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. நிறம் கூட வேண்டும் என்று பூசியவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு முகத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் வந்ததே காரணம்.

வெண்புள்ளி ஏன் வருகிறது?

மூன்றாவது சமையல்காரர் கதை இதுதான். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே நிறமி அணுக்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. உலக மக்களில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது.

இரண்டு வகை உண்டு. உடலின் இரு பக்கமும் வருவது ஒன்று: இரண்டு கை, இரண்டு முட்டி, இரண்டு கண் ஓரம் என்று. இது பல ஆண்டுகள் கூடிக் குறையலாம். இன்னொன்று ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவது. வேகமாகப் பரவி, ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் நின்றுவிடும்.

மருத்துவர் என்ன செய்வார்? இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். வெண்புள்ளி நீலம் கலந்த வெண்மையில் பளிச்சென்று தெரியும். தைராய்டுக் கோளாறு சேர்ந்து வருவது உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

- சில வாரங்களில் திட்டு பெரிதாவது
- பெரிய திட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவது
- கீறல், சிராய்ப்பு பட்ட இடமெல்லாம் வெளுப்பது

இவை நோய் சுறுசுறுப்பாக இருப்பதைக் காட்டுகின்றன. இந்தக் கட்டத்தில் சிகிச்சை தொடங்கினால் பரவுவதை நிறுத்த வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் ஆன பழைய திட்டைவிடப் புதிய திட்டில் நிறம் திரும்புவது எளிது.

சரி, என்னென்ன சிகிச்சை உண்டு?

களிம்பு: சிறிய பகுதிக்கு முதலில் கொடுப்பது. உடம்புக்கு ஸ்டீராய்டு களிம்பு, மருத்துவர் சொன்ன கால அளவுக்கு மட்டும். முகம், இமை போன்ற மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமஸ். ஸ்டீராய்டை நீங்களாகவே மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

ஒளிச் சிகிச்சை: 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைச் சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்கள்வரை தோலில் படவைப்பார்கள். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை. ஒரு சில இடத்துக்கு மட்டும் என்றால் 308 நானோமீட்டர் எக்சைமர் கருவி. "அப்போ வெயிலிலேயே நின்னா ஆகாதா?" என்று கேட்கத் தோன்றும். ஆகாது. வெயிலில் எல்லாக் கதிர்களும் கலந்து வரும், அளவும் தெரியாது. வெந்த இடம் மேலும் வெளுக்கும்.

மாத்திரை: வேகமாகப் பரவும்போது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதுண்டு. நிறத்தைக் கொண்டுவர அல்ல, பரவலை நிறுத்த.

புதிய களிம்பு: ருக்ஸோலிட்டினிப் என்ற களிம்புக்கு அமெரிக்கா 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. வெண்புள்ளியில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்று அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நோய் எதிர்ப்பு மண்டலம் நிறமி அணுவைத் தாக்கச் சொல்லி அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது. சோதனைகளில் 24 வாரத்தில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு முகத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நிறம் திரும்பியது. மருந்தில்லாத களிம்பு பூசியவர்களில் அது சுமார் 7 முதல் 11 விழுக்காடு. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மந்திரம் அல்ல.

அறுவைச் சிகிச்சை: குறைந்தது ஓராண்டாவது திட்டு பரவாமல் நின்றிருக்க வேண்டும். தொடை போன்ற மறைவான இடத்திலிருந்து சிறிதளவு மேல்தோலை எடுத்து, அதிலுள்ள அணுக்களைப் பிரித்து, வெளுத்த இடத்தில் பரப்புவார்கள். எடுத்த தோலைவிடப் பல மடங்கு பெரிய இடத்தை இதனால் மூடலாம். ஒரு பக்கம் மட்டும் வரும் வகைக்கு இது நன்கு ஒத்துவரும்.

மீதி நிறத்தையும் நீக்குவது: உடலில் பெரும்பகுதி வெளுத்துவிட்ட சிலர், எஞ்சிய நிறத்தையும் நீக்கிச் சீராக்கிக்கொள்ள முடிவு செய்வதுண்டு. அது திரும்ப முடியாத பாதை. மருத்துவரோடு பலமுறை பேசிய பிறகே எடுக்க வேண்டிய முடிவு.

மறைக்கும் ஒப்பனை: நீர் பட்டாலும் எளிதில் கலையாத ஒப்பனைப் பொருள்கள் உண்டு. திருமணம், நேர்முகத் தேர்வு என்று ஒரு நாளைத் தைரியமாகக் கடக்க உதவும். சிகிச்சையோடு சேர்த்தே பயன்படுத்தலாம்.

எவ்வளவு நாள் ஆகும்? எங்கே பலன் அதிகம்?

இங்கேதான் பலர் மனம் தளர்ந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அந்த ஏமாற்றம் இருக்காது.

நிறம் பெரும்பாலும் முடிக்கால்களிலிருந்துதான் திரும்புகிறது. அங்கே மிச்சமிருக்கும் நிறமி அணுக்கள் மேலேறி வரும். முதலில் வெள்ளைக்கு நடுவே மிளகு தூவியதுபோல் கறும்புள்ளிகள் தெரியும். பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். அதனால் முடி அதிகம் உள்ள முகத்திலும் கழுத்திலும் பலன் கூடுதல். விரல்நுனி, உதடு, பாதம், முடியும் வெளுத்துப்போன இடம் ஆகியவற்றில் குறைவு.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதை எண்ணிக்கையில் காட்டியது. குறைந்தது 6 மாதம் ஒளிச் சிகிச்சை எடுத்தவர்களில், முகத்திலும் கழுத்திலும் மிக நல்ல பலன் கண்டவர்கள் சுமார் 44 விழுக்காடு. கை விரல்களிலும் பாதங்களிலும் அந்த அளவு பலன் கண்டவர்கள் யாருமே இல்லை.

எனவே 3 மாதத்தில் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்தாதீர்கள். 6 மாதமாவது பாருங்கள். முழுப் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும். திரும்பிய நிறம் மீண்டும் போகவும் கூடும். சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் 10 பேரில் சுமார் 4 பேருக்கு அப்படி ஆவதை ஓர் ஆய்வு கண்டது. அதனால் நிறம் வந்த பிறகும் வாரம் இருமுறை களிம்பைத் தொடரச் சொல்வதுண்டு.

நாட்டு மருந்து பூசலாமா?

கார்போக அரிசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. அதில் விஷயம் இல்லாமல் இல்லை. அதிலுள்ள சோராலன், தோலை ஒளிக்குக் கூர்மையாக்கும் பொருள். இதே வகைப் பொருளை எகிப்தில் ஒரு தாவரத்திலிருந்து எடுத்து, 1940களில் அப்தெல் மோனெம் எல் மோஃப்டி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். நவீன ஒளிச் சிகிச்சையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அளவு தெரியாமல் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துவிடும். உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. இணையத்தில் வாங்கும் பெயர் தெரியாத களிம்புகளோ இன்னும் ஆபத்து. "முழுக்க மூலிகை" என்று விற்ற களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*தொட்டா தொத்திக்குமா?*
தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே நீச்சல்குளத்தில் குளித்தாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் தொற்றாது.

*மீன் சாப்பிட்டுட்டுப் பால் குடிச்சா வருமா?*
வராது. தயிர், புளிப்பு, எலுமிச்சை எதையும் ஒதுக்கத் தேவையில்லை. வளரும் பிள்ளைக்குப் பத்தியம் போட்டு மெலிய வைக்காதீர்கள்.

*எனக்கு இருக்கு, என் பிள்ளைக்கும் வருமா?*
வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கும் வருவது சுமார் 23 விழுக்காடுதான் என்று ஓர் ஆய்வு கண்டது. மரபு மட்டுமே காரணமல்ல என்பதற்கு அதுவே சான்று.

எங்கே போவது?

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். தேவையென்றால் தேசியத் தோல் நிலையம் போன்ற இடத்துக்குப் பரிந்துரைப்பார்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். ஒளிச் சிகிச்சைக்கு வாரம் 2, 3 முறை போக வேண்டியிருக்கும். வேலை, பள்ளி நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: எப்போது தொடங்கியது என்ற குறிப்பு, பழைய படங்கள், இதுவரை பூசிய எல்லாப் பொருள்களும். பாட்டி கொடுத்த எண்ணெயையும் சேர்த்துத்தான். யாரும் திட்டமாட்டார்கள்.

கடைசியாக, ஒரு சொல்

நம்மிடையே இன்னமும் சிலர் இதை "வெண்குஷ்டம்" என்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெயரே எத்தனையோ வரன்களைத் தட்டிவிட்டிருக்கிறது, எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளியில் தனியாக உட்கார வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசாங்கமே அந்தச் சொல்லை விட்டு "வெண்புள்ளி" என்று சொல்ல முடிவெடுத்தது. நாமும் மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசு செலவில்லை.

பாப் இசைக் கலைஞர் மைக்கல் ஜாக்சன் தமக்கு வெண்புள்ளி இருப்பதை 1993இல் தொலைக்காட்சியில் சொன்னபோது, பலர் நம்பவில்லை. 2009இல் அவர் இறந்த பிறகு உடற்கூறு அறிக்கைதான் அதை உறுதிப்படுத்தியது. அவர் மறைந்த ஜூன் 25ஆம் தேதி இப்போது உலக வெண்புள்ளி தினம்.

சிகிச்சை எடுப்பதும் எடுக்காமல் இருப்பதும் அவரவர் முடிவு. வெண்புள்ளியோடு நிம்மதியாக வாழ்பவர்கள் ஏராளம். ஆனால் அந்த முடிவு, என்ன வகை என்று தெரிந்துகொண்டு எடுத்த முடிவாக இருக்கட்டும். உங்கள் பிள்ளையின் கண் ஓரத்தில் அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறதா? இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பிள்ளை முன்னால் "ஐயோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.